புகை விடாத வண்டியோட பழைய பேட்டரி எங்க போகுது?

கொஞ்சம் நீளமான த்ரெட். நேரம் கிடைக்கும்போது பொறுமையா படிங்க. ஒரு குழந்தையோட ரத்தப் பரிசோதனையிலிருந்து ஆரம்பிக்கிறேன். பெற்றோர் அனுமதியோடதான் எழுதுறேன். அடையாளம் தெரியுற விவரங்களை மாத்தியிருக்கேன்.

நாலு வயசுப் பையன். அடிக்கடி வயித்துவலி, மலச்சிக்கல். சாப்பிட மாட்டேங்குறான். முன்ன மாதிரி பேச்சு இல்ல, எதுக்கெடுத்தாலும் அழுகை. ஹீமோகுளோபின் 8. எங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி மூணு இடத்துல காட்டியிருக்காங்க. மூணு இடத்துலயும் பூச்சி மருந்து, இரும்புச்சத்து டானிக். ஆறு மாசம் டானிக் குடிச்சும் ரத்தம் ஏறல.

உண்மையைச் சொல்லணும்னா நானும் அதையேதான் எழுதிக் கொடுத்து அனுப்பியிருப்பேன். அப்பா என்ன வேலை பார்க்கிறார்னு கேட்டது தற்செயல்.

"பேட்டரி உடைக்கிற இடத்துல சார்."

எந்த பேட்டரிம்மா?

"கம்பெனியில சாமான் தூக்குற வண்டி இருக்கும்ல சார், அதோடது. பெரிசு பெரிசா வரும். ஆட்டோ பேட்டரியும் வரும்."

ரத்தத்தில் ஈயம் எவ்வளவு இருக்குன்னு பார்க்க அனுப்பினோம். டெசிலிட்டருக்கு 36 மைக்ரோகிராம்.

இந்த 36-ஐ எப்படிப் புரிஞ்சுக்கிறது? 5 இருந்தாலே அந்த ஈயம் எங்கிருந்து வருதுன்னு தேடிக் கண்டுபிடிச்சு நிறுத்தணும்னு உலக சுகாதார நிறுவனத்தோட 2021 வழிகாட்டுதல் சொல்லுது. அமெரிக்காவுல 3.5-லயே கவனிக்க ஆரம்பிச்சிடறாங்க. 'இவ்வளவு வரைக்கும் பரவாயில்ல'ன்னு ஒரு அளவு கிடையவே கிடையாது.

"சரி டாக்டர், மருந்து குடுத்து சரி பண்ணிடலாம்ல?"

அங்கதான் கையைக் கட்டிப் போட்டுடுது. ஈயத்தைப் பிடிச்சு சிறுநீர் வழியா வெளியேத்துற மருந்து இருக்கு. ஆனா குழந்தைகளுக்கு அதைக் கொடுக்கச் சொல்றது 45-ஐத் தொட்ட பிறகுதான். அப்படியே கொடுத்தாலும் மூளையில ஏற்கனவே நடந்த சேதத்தை அது திருப்பித் தராது. அந்தப் பையனுக்கு நான் எழுதின சீட்டுல முதல் வரி, 'வீட்டை மாத்துங்க'. ரெண்டாவது வரிதான் இரும்புச்சத்து, கால்சியம். வாடகை, அட்வான்ஸ் பத்தியெல்லாம் எழுத அந்தச் சீட்டுல இடம் இல்ல.

நான் ஏன் கோபமா எழுதுறேன்னு இப்ப சொல்றேன்.

ஈயம்னு சொன்னதும் வீட்டுல ரசம் வைக்கிற ஈயச் சொம்பு ஞாபகம் வரும். அது வெள்ளீயம், வேற உலோகம். நான் சொல்றது காரீயம். (கடையில வாங்குற ஈயச் சொம்புல காரீயத்தைக் கலந்து வித்தா அதுவும் ஆபத்துதான். அந்தக் கதை இன்னொரு நாளைக்கு.)

காரீயம் உடம்புக்குள்ள கால்சியம் மாதிரி வேஷம் போட்டு நுழையும். பெரியவங்க குடல் உறிஞ்சுறதை விட நாலஞ்சு மடங்கு அதிகமா சின்னக் குழந்தையோட குடல் உறிஞ்சும். ரத்தசோகை உள்ள குழந்தைன்னா இன்னும் அதிகம். நம்ம ஊர்ல எத்தனை குழந்தைக்கு ரத்தசோகை இல்ல? அதோட இரும்புச்சத்து குறைஞ்ச பிள்ளைங்கதான் மண்ணை எடுத்துத் தின்னும். அந்த மண்ணுலதான் ஈயம் இருக்கும்.

உள்ள போன ஈயம் எலும்புல பதுங்கிப் பல பத்து வருஷம் இருக்கும். சின்ன வயசுல ஈயம் ஏறின பெண், பல வருஷம் கழிச்சு கர்ப்பமாகும்போது எலும்புல இருக்கிற கால்சியத்தோட சேர்ந்து அதுவும் ரத்தத்துக்கு வரும். நஞ்சுக்கொடி அதைத் தடுக்காது. வயித்துல இருக்கிற குழந்தைக்குப் போகும்.

பெரியவங்களுக்கு ரத்தக்கொதிப்பு, சிறுநீரகப் பாதிப்பு. குழந்தைக்கு அறிவுத்திறன் குறையும், கவனம் சிதறும், முன்கோபம் வரும். பள்ளிக்கூடத்துல 'மண்டு'ன்னு பேர் வாங்கி, கடைசி பெஞ்சுல உட்கார்ந்து, எட்டாவதோட நின்னுடுவான். யாரும் அதுக்கு ஈயத்தைக் காரணமா சொல்ல மாட்டாங்க.

யுனிசெஃப் 2020-ல ஒரு அறிக்கை வெளியிட்டது. உலகத்துல மூணுல ஒரு குழந்தைக்கு, அதாவது சுமார் 80 கோடி பேருக்கு, ரத்த ஈயம் 5 அல்லது அதுக்கு மேல. இந்தியாவுல மட்டும் சுமார் 27.5 கோடி. பெட்ரோல்ல ஈயம் கலக்கிறதை நாம 2000-லயே நிறுத்திட்டோமே, அப்புறம் எங்கிருந்து வருது? பெயின்ட், பாத்திரம், மசாலா எல்லாத்துக்கும் பங்கு உண்டு. ஆனா உலகத்துல இன்னைக்குப் பயன்படுற ஈயத்துல ஏறக்குறைய 85 சதவீதம் ஒரே பொருளுக்குள்ளதான் போகுது. பேட்டரி.

அதுல பெரிய பேட்டரி எதுன்னு பார்க்கலாம்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் பக்கம் வேலை பார்க்கிறவங்களுக்கு ஃபோர்க்லிஃப்ட்டை விளக்க வேண்டாம். மத்தவங்களுக்கு: நீங்க ஆன்லைன்ல ஆர்டர் பண்ற பொருள் குடோன்ல ராக் மேல ஏறி இறங்குறது அந்த வண்டியாலதான். முன்னாடி இரும்பு நாக்கு ரெண்டு நீட்டிட்டு இருக்கும். இப்ப நிறைய வண்டி மின்சாரத்துல ஓடுது. பக்கவாட்டுல பச்சை இலை படம் போட்டு 'ஜீரோ எமிஷன்'னு ஸ்டிக்கர் இருக்கும்.

அந்த வண்டியில சாதாரணமா இருக்கிறது 48 வோல்ட் பேட்டரி. ரெண்டு ரெண்டு வோல்ட்டா 24 செல். மொத்த எடை ஒரு டன்னைத் தொடும். காரை விட்டு இறங்கி நம்ம கையால தூக்குற பேட்டரி மாதிரி இல்ல, கிரேன் வச்சுத்தான் இறக்கணும். முன்னாடி சுமை தூக்கும்போது வண்டி கவிழாம இருக்க, பின்னாடி எதிர் எடையா நிக்கிறதும் இதேதான். 1859-ல காஸ்தோன் பிளான்டேங்கிற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடிச்ச அதே ஈய-அமில முறைதான் இன்னைக்கும் உள்ள ஓடுது.

ஒரு டன் பேட்டரியில கிட்டத்தட்ட 600 கிலோ ஈயம் இருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு. 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு உடம்புல ஒரு லிட்டர், ஒண்ணேகால் லிட்டர் ரத்தம் இருக்கும். அந்த ரத்தத்துல ஈயத்தோட அளவு 5-ஐத் தொட, மொத்தமா 55 மைக்ரோகிராம் போதும். அப்படின்னா ஒரு கிராம் ஈயம்? பதினெட்டாயிரம் குழந்தைகளோட ரத்தத்துக்குப் போதும். உடம்புல சேர்ற ஈயத்துல ரத்தத்துல நிக்கிறது கொஞ்சம்தான், மிச்சம் எலும்புக்குப் போயிடும். அதனால இது துல்லியக் கணக்கு இல்ல. எவ்வளவு சின்ன அளவைப் பத்திப் பேசுறோம்னு புரியறதுக்காகச் சொல்றேன். ஒரு கிராமுக்கே இந்தக் கதை. ஒரு வண்டிக்குள்ள 600 கிலோ.

பேட்டரி மூடின பெட்டியா இருக்கிற வரைக்கும் அந்த 600 கிலோவால யாருக்கும் பெரிய கெடுதல் இல்ல. இதை நான் ஒத்துக்கிறேன். அந்தக் கட்டத்துல ஆபத்து வேற.

சார்ஜ் போடும்போது, கடைசி கட்டத்துல, உள்ள இருக்கிற தண்ணி பிரிஞ்சு ஹைட்ரஜன் வெளிய வரும். காத்துல 4 சதவீதம் சேர்ந்தா ஒரு சின்னப் பொறி போதும், வெடிக்கும். நான் சொல்ற அளவு பேட்டரி ஒண்ணு ஒரு ராத்திரி சார்ஜ்ல ஐந்நூறு, அறுநூறு லிட்டர் ஹைட்ரஜனை வெளியவிட முடியும். எட்டடிக்கு எட்டடி அறையைக் காத்து போகாம அடைச்சு வச்சா, 4 சதவீதத்துக்கு அதுவே காணும். ஹைட்ரஜன் எடை குறைஞ்சது, கூரையில போய்த்தான் தங்கும். கீழ ஒரு டேபிள் ஃபேனைச் சுத்தவிட்டுட்டு 'வென்டிலேஷன் இருக்கு சார்'னு சொல்றதுல அர்த்தமில்ல. மேல வழி வேணும். நான் பார்த்த ஒரு குடோன்ல சார்ஜிங் அறையோட கூரை ஜன்னலை மழைச்சாரல் வருதுன்னு தகரம் வச்சு அடைச்சிருந்தாங்க. அதே அறைக்குள்ளதான் டீ குடிக்கிறதும், பீடி பத்த வைக்கிறதும்.

அப்புறம் அந்த ஆசிட். நாலஞ்சு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பையன். வடக்கே இருந்து வந்து குடோன்ல வேலை. பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர் ஊத்தும்போது கண்ணுல தெறிச்சிருக்கு. உடனே கழுவியிருந்தா நிறைய மிச்சமாகியிருக்கும். 'டாக்டர் பார்க்கிற வரைக்கும் தண்ணி படக்கூடாது'ன்னு அங்க இருந்த யாரோ சொல்லி, ஈரத்துணியைக் கூட வைக்காம, வண்டிக்காக முக்கால் மணி நேரம் காத்திருந்து கூட்டிட்டு வந்தாங்க. கந்தக அமிலம் காத்திருக்காது. அந்தக் கண்ணுல அவனுக்கு இன்னைக்கும் விரல் எண்ணுற அளவுதான் பார்வை.

தயவுசெஞ்சு இதை மட்டும் மனசுல வச்சுக்குங்க. ஆசிட் கண்ணுல பட்டா அந்த நொடியே, கையில கிடைக்கிற சுத்தமான தண்ணியால, இமையை விரிச்சுப் பிடிச்சு, குறைஞ்சது 15 - 20 நிமிஷம் கழுவிக்கிட்டே இருக்கணும். கழுவிட்டுத்தான் ஆஸ்பத்திரி. பேட்டரி கையாளுற இடத்துல இருந்து பத்து செகண்ட் நடையில கண் கழுவுற குழாய் இருக்கணுங்கிறது அமெரிக்க அளவுகோல். நம்ம ஊர்ல அந்தக் குழாய் இருந்தா, அதுக்கு முன்னாடி அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கும்.

மூக்கு எரியுற அந்த ஆசிட் ஆவியையும் லேசா எடுத்துக்காதீங்க. வருஷக்கணக்கா சுவாசிச்சா பல் அரிக்கும். கந்தக அமில ஆவியோட வேலை பார்க்கிறதை, மனுஷருக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியான பட்டியல்ல சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகமை 1992-லயே சேர்த்துடுச்சு. பாதிக்கப்படுறது முக்கியமா குரல்வளை.

இது எல்லாம் கம்பெனி சுவருக்குள்ள நடக்குறது. இதைச் சரிசெய்ய எல்லாருக்கும் தெரியும். எக்ஸாஸ்ட், கண்ணாடி, கையுறை, குழாய். பெரிய விஞ்ஞானம் இல்ல, கொஞ்சம் பணம், கொஞ்சம் மனசு. ஆடிட் வர்ற கம்பெனியில பெரும்பாலும் இருக்கவும் செய்யும். என் சண்டை அதுக்கு அப்புறம் நடக்கிறதோட.

ஃபோர்க்லிஃப்ட் பேட்டரி நல்லா பராமரிச்சா அஞ்சு வருஷம் ஓடும். வட மாநிலங்கள்ல தெருவுக்குத் தெரு ஓடுற இ-ரிக்‌ஷாவுல ஈய பேட்டரி நாலஞ்சு இருக்கும், அது ஏறக்குறைய ஒரு வருஷத்துலயே செத்துடும். செத்த பேட்டரி குப்பை இல்ல, காசு. கிலோ கணக்குல காசு. கம்பெனி ஸ்டோர்ஸ்ல இருந்து கொட்டேஷன் கேட்பாங்க. ரெண்டு பேர் வருவாங்க.

ஒருத்தர் பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலைக்காரர். அவர் ஆலையில மூடின இயந்திரத்துல பேட்டரியை உடைக்கணும், ஆசிட்டைச் சமன்படுத்தணும், உலைப் புகையை ஃபில்டர் வழியா விடணும், தொழிலாளிக்கு ரத்தப் பரிசோதனை பண்ணணும். எல்லாம் செலவு.

இன்னொருத்தர் ஊருக்கு வெளிய தகரக் கொட்டகை போட்டவர். கோடாலி வச்சு உடைப்பார். ஆசிட்டை ஓடையில ஊத்துவார். காரீயம் உருக 327 டிகிரி போதும். குழி வெட்டிக் கரி போட்டுத் துருத்தி வச்சா உருகிடும். புகை மேல போகும், கசடு பின்னாடி மேட்டுல கொட்டும். செலவே இல்ல.

யார் உங்களுக்கு அதிக விலை தருவார்?

கிலோவுக்கு அவர் கூட்டிக் கொடுக்கிற அந்தச் சில ரூபாய் எங்கிருந்து வருது? ஃபில்டர் வாங்காத காசு. ஆசிட்டைச் சமன்படுத்தாத காசு. நான் சொன்ன நாலு வயசுப் பையனோட ரத்தத்துல இருக்கிற 36-ஐ ரூபாயா மாத்தி உங்க கையில வச்சுட்டுப் போறார். நீங்களும் எண்ணிப் பார்த்து வாங்கி வச்சுக்கிறீங்க.

கோபம் வருதா? வரட்டும். கொட்டகைக்காரரைத் திட்டுறது சுலபம். போலீஸ் வந்து ஒரு கொட்டகையை மூடினா மறுமாசம் நாலு கிலோமீட்டர் தள்ளி இன்னொண்ணு முளைக்கும். ஏன்னா சரக்கு வந்துக்கிட்டே இருக்கு. அனுப்புறது யாரு? மாசாமாசம் 'சுற்றுச்சூழல் நாள்'ல மரம் நடுற கம்பெனி. இன்வெர்ட்டர் பேட்டரியைப் பழைய பேப்பர்காரர் கிட்ட எடைக்குப் போடுற நம்ம வீடு. இ-ஆட்டோ பேட்டரியை மெக்கானிக் சொன்ன ஆளுகிட்ட மாத்துற டிரைவர். டிரைவர் மேல எனக்குப் பெரிய கோபம் இல்ல, அவருக்கு நூறு ரூபாய் நூறு ரூபாய்தான். நாற்பது ஃபோர்க்லிஃப்ட் வச்சிருக்கிற கம்பெனிக்கு என்ன கேடு?

'ஈய பேட்டரிதான் உலகத்துலயே அதிகமா மறுசுழற்சி ஆகுற பொருள், 99 சதவீதம்'னு பேட்டரித் துறை பெருமையா சொல்லும். பொய் இல்ல. அந்தக் கொட்டகையில நடக்குறதும் மறுசுழற்சிதான். குழியில உருக்கின ஈயம்தான் கட்டியா மாறி, கைமாறி, கடைசியில புது பேட்டரிக்குள்ள போய் உட்காருது. எத்தனை சதவீதம்ங்கிறது சரி, எப்படிங்கிறதைக் கேட்டா பதில் வராது.

இதோட உச்சம் எப்படி இருக்கும்னு உலகம் ஒரு தடவை பார்த்திருக்கு. செனகல் நாட்டுத் தலைநகர் டாக்கார் பக்கத்துல தியாரோய் சுர் மேர். கடலோரக் குடியிருப்பு. அங்க வருஷக்கணக்கா பழைய பேட்டரியை உடைச்சு ஈயம் எடுத்தாங்க. மணல்ல ஈயத் துகள் கலந்து கிடந்துச்சு. அந்த மணலைச் சலிச்சா ஈயம் கிடைக்கும், விக்கலாம்னு பெண்கள் சலிக்க ஆரம்பிச்சாங்க. முதுகுல குழந்தையைக் கட்டிக்கிட்டு. மண்ணை மூட்டையில வீட்டுக்கும் கொண்டு போனாங்க.

2007 நவம்பர்ல இருந்து 2008 மார்ச் வரைக்கும் அந்த ஒரே பகுதியில 18 சின்னக் குழந்தைங்க செத்துப் போனாங்க. முதல்ல மலேரியாவா, மூளைக்காய்ச்சலான்னு குழப்பம். பிறகு அக்கம்பக்கத்துக் குழந்தைங்க 50 பேரோட ரத்தத்தைச் சோதிச்சாங்க. இருந்ததுலயே குறைஞ்ச அளவு 39.8. அதிகபட்சம் 600-க்கு மேல. வலிப்பு வந்த குழந்தைங்க, நரம்புப் பாதிப்போட பிழைச்ச குழந்தைங்க அந்த ஐம்பதுக்குள்ளயே இருந்தாங்க.

அந்த 39.8-ஐயும் என் பேஷன்ட்டோட 36-ஐயும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க.

"இதுக்கெல்லாம் சட்டம் இல்லையா?" இருக்கு. 2001-லயே பேட்டரிக்குன்னு தனி விதிகள் வந்துச்சு. அதுக்குப் பதிலா 2022 ஆகஸ்ட்ல பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள். தயாரிச்சவங்களே பழசைத் திரும்ப எடுக்கிற பொறுப்பை ஏத்துக்கணும். பயன்படுத்துறவங்க, அதாவது நீங்களும் நானும், பழைய பேட்டரியை மத்த குப்பையோட கலக்காம, சேகரிக்கவோ மறுசுழற்சி செய்யவோ உள்ள அமைப்புகிட்டதான் கொடுக்கணும். எழுத்துல அழகா இருக்கு. ஆனா கணக்கு காகிதத்துல நேராகும், சரக்கு லாரியில வேற பக்கம் போகும். விதியைப் படிக்கிறது ஆலைக்காரர், படிக்காம லாபம் பார்க்கிறது கொட்டகைக்காரர்.

எங்க தொழில் மேலயும் பழி இருக்கு, மறைக்கல. 1948 தொழிற்சாலைச் சட்டத்தோட மூன்றாம் அட்டவணையில முதல் நோயே ஈய நச்சுதான். தொழிற்சாலைத் தொழிலாளிக்கு அது இருக்குன்னு ஒரு டாக்டர் நினைச்சா, தலைமை ஆய்வாளருக்கு எழுதித் தெரிவிக்கணும். புதுத் தொழிலாளர் சட்டத்தொகுப்புலயும் அந்தப் பட்டியல் தொடருது. எம்பிபிஎஸ்-ல பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணினோம். ஈறுல நீலக்கோடு, தொங்கிப் போற மணிக்கட்டு, எல்லாம் ஒப்பிப்போம். அப்புறம் எத்தனை பேர் ஒரு கடிதம் எழுதியிருக்கோம்? நான் இருபது வருஷத்துல ஒண்ணு கூட எழுதினதில்ல, இந்த வருஷம் வரைக்கும். வயித்துவலின்னு வர்ற தொழிலாளிக்கு அல்சர் மாத்திரை கொடுத்து அனுப்பினதுல எத்தனை பேர் ஈயக்காரங்களோ, தெரியாது.

கொட்டகையில வேலை பார்க்கிறவங்களுக்கு முதலாளி தினமும் வெல்லமும் வாழைப்பழமும் கொடுப்பாராம். 'தூசி எல்லாம் வெளிய போயிடும்.' அந்தப் பையனோட அப்பா பெருமையா சொன்னார், 'நல்ல முதலாளி சார்'. வெல்லம் ஈயத்தை எடுக்காது. பால் எடுக்காது. வாழைத்தண்டு ஜூஸ், டீடாக்ஸ் பொடி எதுவும் எடுக்காது. கால்சியமும் இரும்பும் போதுமான அளவு இருந்தா உறிஞ்சுறது கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். புகையை நிறுத்தாம வெல்லம் கொடுக்கிறது, கூரை ஒழுகும்போது துண்டு கொடுக்கிற மாதிரி.

"அப்போ லித்தியத்துக்கு மாறிட்டா தீர்ந்துதா டாக்டர்?" பாதி தீரும். லித்தியம் பேட்டரியில காரீயம் இல்ல, ஆசிட் தெறிக்காது. ஃபோர்க்லிஃப்ட்ல இப்ப வேகமா மாறிட்டும் இருக்காங்க, நல்லது. ஆனா அதுக்குன்னு ஒரு குணம் இருக்கு. ஒரு செல் சூடேறினா பக்கத்து செல்லையும் இழுத்துக்கிட்டு எரியும், அணைச்ச பிறகும் திரும்பப் பத்தும், புகையில ஹைட்ரஜன் ஃப்ளோரைடு மாதிரி நச்சு வரும். 2022 மார்ச்ல வேலூர் பக்கத்துல ராத்திரி வீட்டுல சார்ஜ் போட்ட மின்சார ஸ்கூட்டர் எரிஞ்சு, அப்பாவும் மகளும் புகையில மூச்சுத் திணறியே இறந்தாங்க. அதே வருஷம் செப்டம்பர்ல செகந்திராபாத்ல மின்சார ஸ்கூட்டர் ஷோரூம்ல பத்தின தீயோட புகை மேல இருந்த லாட்ஜுக்கு ஏறி எட்டு பேர் இறந்தாங்க. வாசலை அடைச்சு, தூங்குற இடத்துல சார்ஜ் போடாதீங்க. அதுக்கு மேல லித்தியத்தைப் பத்தி இங்க பேசல. ஏன்னா அது எரிஞ்சா டிவி-யில வரும், மந்திரி பேசுவார், கமிட்டி போடுவாங்க. ஈயம் எரியாது. அதுக்கு பிரேக்கிங் நியூஸ் கிடையாது.

"மின்சார வண்டியே வேண்டாம்ங்கிறீங்களா?" இல்லவே இல்ல. மூடின குடோனுக்குள்ள டீசல் வண்டி ஓட்டுறது தொழிலாளியோட நுரையீரலுக்குச் செய்யுற துரோகம். டீசல் புகையும் 2012-ல இருந்து உறுதியான புற்றுநோய்க் காரணி. மின்சாரம் சரியான பாதைதான். வாங்கும்போது எத்தனை கொட்டேஷன், எத்தனை டெமோ பார்க்கிறீங்க? பழசைத் தள்ளும்போதும் அதுல பாதி அக்கறையாவது காட்டுங்கன்னுதான் கேட்கிறேன்.

கம்பெனியில ஸ்டோர்ஸ், பர்ச்சேஸ், சேஃப்டி எதுல இருந்தாலும் இதைப் படிக்கிற நீங்க, அடுத்த தடவை பழைய பேட்டரி போகும்போது மூணு கேள்வி கேளுங்க. வாங்குறவரோட மாசுக் கட்டுப்பாட்டு வாரியப் பதிவு எண் எங்க? லாரி எந்த ஆலைக்குப் போகுது? அங்க போய்ச் சேர்ந்ததுக்கு ரசீது வந்துச்சா? 'அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்'னு பதில் வந்தா, அது எங்க போகுதுன்னு உங்களுக்குப் புரிஞ்சிருக்கும். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரின்னா புதுசு வாங்குற டீலர்கிட்டயே பழசைக் கொடுத்து பில்லுல எழுதி வாங்குங்க. நூறு, இருநூறு குறைஞ்சா குறையட்டும்.

பேட்டரி சம்பந்தப்பட்ட வேலை பார்க்கிறவங்க வீட்டுல இருந்து யாராவது இதைப் படிச்சா: வேலைத் துணியோட குழந்தையைத் தூக்காதீங்க. அங்கயே குளிச்சு, துணி மாத்தி, செருப்பை வெளிய விட்டுட்டு வாங்க. அந்தத் துணியை மத்த துணியோட ஊற வைக்காதீங்க. வீட்டைத் துடைப்பத்தால பெருக்கினா தூசி பறக்கும், ஈரத்துணியால துடைங்க. குழந்தைக்கும், கர்ப்பமா இருக்கிற மனைவிக்கும் ரத்தத்துல ஈயம் பார்க்கச் சொல்லி டாக்டர்கிட்ட நீங்களே கேளுங்க. அவரா கேட்க மாட்டார், மேல சொன்னேனே. நரம்புல எடுக்கிற ரத்தம்தான் நம்பகம். விரல்ல குத்தி எடுத்தா தோல்ல ஒட்டியிருக்கிற தூசியே அளவைக் கூட்டிக் காட்டும்.

அந்தப் பையன் போன வாரம் ரிவ்யூக்கு வந்தான். மூணு மாசம் ஆச்சு. கொட்டகைக்குப் பின்னாடி இருந்த வீட்டைக் காலி பண்ணிட்டு அம்மாவோட தாய்வீட்டுல இருக்காங்க. அப்பா மட்டும் அங்கயே தங்கி வேலைக்குப் போறார், வாரத்துக்கு ஒரு தடவை குளிச்சு மாத்திட்டு வந்து பார்க்கிறார். வேற வேலை தேடுறாராம். பையனோட அளவு 28-க்கு இறங்கியிருக்கு. ஹீமோகுளோபின் 9.6. என் ஸ்டெதஸ்கோப்பைப் பிடிச்சு இழுத்தான். போன தடவை அதுக்குக் கூட தெம்பு இல்ல.

கிளம்பும்போது அவங்க அம்மா திரும்பி நின்னு கேட்டாங்க. "சார், நாங்க காலி பண்ணின வீட்டுக்கு வேற குடும்பம் வாடகைக்கு வந்துடுச்சு. அவங்களுக்கும் ஒரு பொண்ணு இருக்கு, ரெண்டு வயசு. அதுவும் வாசல் மண்ணுலதான் விளையாடுது. நான் சொன்னா நம்ப மாட்டேங்குறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்றீங்களா?"

வியாழக்கிழமை கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கேன்.